பாட்டி சேரிலிருந்து பெரிய டாய்லெட்டுக்கு: குழந்தையைப் பயமில்லாமல் பழக்க முழுமையான வழிகாட்டி

பாட்டி சேரில் (potty chair, சிறு குழந்தை உட்கார்ந்து சிறுநீர், மலம் கழிக்கும் குட்டி நாற்காலி) சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்த குழந்தையைப் பெரிய டாய்லெட்டில் உட்காரவைத்தால், கத்தி அழுது இறங்கி ஓடுகிறது. பிடிவாதம் என்று நினைத்து அதட்டிவிடுகிறோம். கால் தரையில் படாத எந்த உடம்பும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

கணக்கைப் பாருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டின் சீட் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை 22 முதல் 24 செ.மீ. இருந்தால் அதிகம். மீதி உயரத்துக்குக் கால்கள் அந்தரத்தில் தொங்கும். நடுவில் உள்ள துளையோ பெரியவர்களின் உடம்புக்கு அளவெடுத்தது. உள்ளே விழுந்துவிடுவோமோ என்று குழந்தை பயப்படுவதில் தவறே இல்லை, உண்மையிலேயே விழக்கூடிய அளவுதான் அது. விழாமல் இருக்கக் கைகளை ஊன்றி, தொடைகளை இறுக்கிக்கொள்கிறது. அப்படி இறுக்கும்போது இடுப்பின் அடித்தளத் தசைகளும் சேர்ந்து இறுகிவிடுகின்றன. சிறுநீரோ மலமோ வெளியேற வேண்டுமென்றால் தளர வேண்டியவை அதே தசைகள். பத்து நிமிடம் உட்கார்ந்தும் எதுவும் வராமல், இறங்கி இரண்டு அடி வைத்ததும் உடுப்பிலேயே போய்விடுவதற்குக் காரணம் இதுதான். காலுக்குத் தரை கிடைத்ததும் தசை தளர்ந்துவிடுகிறது.

ஆகவே பழக்குவதற்கு முன் காலுக்குப் பிடிமானம் கொடுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

எப்போது தொடங்கலாம்

வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டரை வயதில் தானாகவே ஏறி உட்காரும் குழந்தையும் உண்டு, நான்கு வயதை நெருங்கும்போது மாறும் குழந்தையும் உண்டு. பாட்டி சேரை சில வாரங்களாவது பெரிய விபத்துகள் இல்லாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும். வருவதை முன்கூட்டியே சொல்லவோ சைகை காட்டவோ தெரிந்திருக்க வேண்டும். ஒரு படி ஏறித் திரும்பி உட்காரும் அளவுக்கு உடம்பில் சமநிலை வந்திருக்க வேண்டும். ஜட்டியைத் தானே கீழே இறக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த உடுப்பாகவே போடுங்கள். பட்டன், ஜிப், பெல்ட் எல்லாம் கடைசி நிமிட அவசரத்தில் குழந்தையின் எதிரிகள்.

தம்பி தங்கை பிறக்கும் சமயம், வீடு மாறும் சமயம், புதிதாகப் பள்ளியில் சேர்க்கும் வாரங்கள், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாட்கள் வேண்டாம். மலச்சிக்கல் இருக்கும்போது கண்டிப்பாக வேண்டாம். முதலில் அதைச் சரிசெய்யாமல் இந்த மாற்றத்தைத் தொடங்கினால், வலிக்கும் இடம் பெரிய டாய்லெட் என்று குழந்தையின் மனதில் பதிந்துவிடும். அதை அழிக்க மாதக்கணக்கில் ஆகும்.

வாங்கும் முன் அளவெடுங்கள்

தேவைப்படுபவை இரண்டு: பெரிய சீட்டின் மேல் வைக்கும் சிறுவர் சீட், காலுக்கு ஒரு ஸ்டூல். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த, கைப்பிடி உள்ள ஏணி சீட்டும் கிடைக்கிறது.

சிறுவர் சீட்டில் நிறத்தையும் பொம்மையையும் பார்ப்பதைவிட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வழுக்காத ரப்பர் பட்டைகள் இருக்க வேண்டும். உங்கள் டாய்லெட் சீட் வட்டமா, நீள்வட்டமா என்று முதலிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்கானதை நீள்வட்டத்தில் வைத்தால் முன்பக்கம் இடைவெளி விழுந்து, குழந்தை முன்னால் சாயும்போது சீட்டும் சேர்ந்து வழுக்கும். பொருத்தியதும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் அதை வைத்துப் பழக்காதீர்கள். ஒரே ஒருமுறை சீட் நகர்ந்து குழந்தை பயந்துவிட்டால் அடுத்த பல வாரங்கள் பக்கத்திலேயே வராது.

ஸ்டூலின் உயரத்தைக் கண்ணளவில் முடிவு செய்ய வேண்டாம். சிறுவர் சீட்டைப் பொருத்திய பிறகு, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்கவும். பிறகு குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளக்கவும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஸ்டூலின் குறைந்தபட்ச உயரம் கிடைக்கும். சீட் 42, கால் 23 என்றால் 19 செ.மீ. அதனுடன் 2 முதல் 5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதுதான் முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரும். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை பட்டைபோல வளைத்து இழுத்துப் பிடித்திருக்கிறது. முழங்கால் உயர்ந்து உடம்பு சற்று முன்னால் சாயும்போது அந்தப் பிடி தளர்ந்து, வளைவு நிமிர்ந்து, முக்காமலே மலம் இறங்க வழி கிடைக்கிறது.

ஸ்டூலின் மேற்பரப்பு குறைந்தது 30 செ.மீ. அகலம் இருக்கட்டும். பாதங்களை ஒட்டி வைக்காமல் தோள் அகலத்துக்கு விரித்து வைக்க இடம் வேண்டும். ஏணி சீட் வாங்குவதானால் மிதிபடியின் உயரத்தை மாற்றமுடிகிறதா என்று பாருங்கள். பலவற்றில் அந்தப் படி ஏறுவதற்கு மட்டுமே தோதாக இருக்கும், உட்கார்ந்தபின் பாதம் எட்டாது. என் கருத்தில் தனியான கனமான ஸ்டூலும் நல்ல சீட்டும் சேர்ந்ததுதான் நீண்ட நாளைக்கு உதவும். பிறகு கைகழுவும் தொட்டிக்கும் அதே ஸ்டூல் பயன்படும்.

குளியலறையில் செய்ய வேண்டியவை

தரை ஈரமாக இருக்கக்கூடாது. ஸ்டூலுக்கு அடியில் வழுக்காத மிதியடி போடுங்கள். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள் அல்லது குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் நிரம்பிய வாளியோ தொட்டியோ இருந்தால் காலி செய்யுங்கள். சில செ.மீ. ஆழத் தண்ணீரில்கூடச் சிறு குழந்தை மூழ்கக்கூடும், அதுவும் சத்தமே இல்லாமல். டாய்லெட் மூடியை எப்போதும் மூடியே வையுங்கள். கழுவும் திரவங்கள் உயரத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

பாட்டி சேரைச் சுத்தம் செய்யும்போது இன்னொரு எச்சரிக்கை. சிறுநீர் ஒட்டியிருக்கும்போதே அதன்மேல் பிளீச்சை ஊற்றக்கூடாது, மூச்சை அடைக்கும் வாயு உண்டாகும். முதலில் தண்ணீரால் நன்றாக அலசிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். அமிலம் கலந்த டாய்லெட் கிளீனரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

இடமாற்றம், படி படியாக

பாட்டி சேர் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குவோம். ஹாலில் இருந்தால், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குளியலறைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். கதவோரம், பிறகு உள்ளே, பிறகு டாய்லெட்டுக்குப் பக்கத்தில். எந்த இடத்தில் குழந்தை தயங்குகிறதோ அங்கேயே நிறுத்துங்கள், பின்னால் நகர்த்த வேண்டாம்.

இதே நாட்களில், பாட்டி சேரில் உள்ளதைக் குழந்தையோடு சேர்ந்து டாய்லெட்டில் கொட்டுங்கள். எங்கே போய்ச் சேர வேண்டியதோ அந்த இடம் கண்ணுக்குத் தெரியட்டும். அப்பாவோ அம்மாவோ அண்ணனோ போகும்போது பார்க்க விடுவதில் உங்கள் வீட்டுக்குச் சங்கடம் இல்லையென்றால் அதுவும் நல்ல பாடம்.

அடுத்தது வெறும் உட்காரல். மூடியை மூடி, ஸ்டூலைப் போட்டு, உடுப்போடு உட்காரட்டும். ஒரு பாட்டு பாடும் நேரம் போதும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ மூடியைத் திறந்து சிறுவர் சீட்டைப் பொருத்தி, உடுப்போடவே உட்காரவைக்கலாம். பிறகு உடுப்பில்லாமல். இந்தக் கட்டத்தில் எதுவும் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பே வேண்டாம். ஏறும் முறையைக் கற்றுக்கொடுங்கள்: ஸ்டூலில் ஏறு, திரும்பு, கையை ஊன்று, உட்கார். நீங்கள் தூக்கி உட்காரவைப்பதைவிடக் குழந்தை தானே ஏறுவதில் பயம் வேகமாகக் குறையும். முன்பக்கம் நின்று உங்கள் தோளையோ கையையோ பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். பின்னால் நின்று பிடித்தால் நீங்கள் இருப்பது குழந்தைக்குத் தெரியாது.

பிறகுதான் நேரம் பார்த்து உட்காரவைப்பது. சிறுநீருக்கு, காலையில் எழுந்ததும் முதல் வாய்ப்பைப் பயன்படுத்துங்கள், சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவூட்டினால் போதும். அரை மணிக்கு ஒருமுறை இழுத்துப்போனால் பை நிறையும் உணர்வையே குழந்தை கற்றுக்கொள்ளாது. மலத்துக்கு, சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள் உட்காரவைப்பது நல்லது. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயல்பு. ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. வரவில்லையா, "சரிடா கண்ணா, அப்புறம் பார்க்கலாம்" என்று இறக்கிவிடுங்கள். கையில் போனைக் கொடுத்து அரை மணி நேரம் உட்காரவைப்பது வேண்டவே வேண்டாம். உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டிய நேரத்தில் கவனம் முழுவதும் திரையில் போய்விடும்.

"ஒன்னுக்கு வருதா?" என்று கேட்டால் விளையாட்டில் இருக்கும் எந்தக் குழந்தையும் "இல்லை" என்றுதான் சொல்லும். "வா, டாய்லெட்டுக்குப் போகும் நேரம். சின்னதிலா, பெரியதிலா?" என்று கேளுங்கள். போவது உறுதி, எதில் என்பது மட்டும் குழந்தையின் முடிவு.

பாராட்டும்போது கவனம் வேண்டும். "ஆய் போயிட்டியே, சூப்பர்!" என்று குதித்தால், போகாத நாளில் தோற்றுவிட்டதாகக் குழந்தை நினைக்கும். "நீயே ஏறி உட்கார்ந்துட்டியே" என்று, அதன் கையில் உள்ள செயலைப் பாராட்டுங்கள். உடுப்பில் போய்விட்டால் முகம் மாறாமல், "நனைஞ்சிடுச்சு, மாத்திக்கலாம்" என்பதோடு முடித்துவிடுங்கள்.

பகலில் சிறுநீர், மலம் இரண்டும் தொடர்ந்து இரண்டு வாரம் டாய்லெட்டிலேயே நடந்தபிறகு பாட்டி சேரை எடுத்துவையுங்கள். குழந்தைக்குத் தெரியாமல் ஒளித்துவைப்பது நம்பிக்கையைக் கெடுக்கும். இருவரும் சேர்ந்து கழுவி, காயவைத்து, எடுத்துவையுங்கள்.

சிறுநீர் வருகிறது, மலம் மட்டும் மாட்டேன் என்கிறது

அதிகம் கேட்கப்படும் சிக்கல் இது. அதிகம் கையாளத் தவறுவதும் இதில்தான். குழந்தை ஒரு மூலைக்குப் போய், விரல்நுனியில் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்கும். முக்குகிறது என்று நினைப்போம். உண்மையில் பெரும்பாலும் உள்ளே இழுத்து அடக்கிக்கொண்டிருக்கிறது. அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை மேலும் மேலும் உறிஞ்சுகிறது. அது கெட்டியாகிறது, பெரிதாகிறது, அடுத்த முறை வலிக்கிறது. வலித்ததால் இன்னும் அடக்குகிறது. பல நாள் இப்படிப் போனால் குடல் விரிந்து, மலம் சேரும் உணர்வே மங்கிவிடும். அடைத்திருக்கும் கெட்டி மலத்தைச் சுற்றி நீராக ஒழுகி ஜட்டியில் கறை படும். அதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று மருந்து கொடுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இங்கே முதல் வேலை மலத்தை மிருதுவாக்குவது. தண்ணீர், பழம், காய்கறி, நார்ச்சத்து கூடட்டும். நாள் முழுக்கப் பாலாகவே குடிக்கும் குழந்தைக்குப் பாலைக் குறைக்க வேண்டியிருக்கலாம். சில நாளில் மாற்றம் தெரியாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். மலமிளக்கி தேவைப்பட்டால் அளவையும் நாட்களையும் அவர் சொல்லட்டும். சரியானதுபோலத் தெரிந்ததும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், விரிந்த குடல் பழைய நிலைக்கு வரப் பல வாரம், சில சமயம் மாதங்கள் ஆகும்.

டயபர் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஆய் போவேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைக்கு டயபரைக் கொடுத்துவிடுங்கள். அடக்கவைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் இடத்தை மாற்றுங்கள். முதலில் டயபரோடு குளியலறைக்குள் நின்றபடி. அது பழகியதும் டயபரோடு டாய்லெட்டில் உட்கார்ந்து. பிறகு டயபரைத் தளர்த்தி. பிறகு அடியில் ஒரு துளை வெட்டி, அதன் வழியே டாய்லெட்டுக்குள் விழும்படி. துளையை நாளுக்கு நாள் பெரிதாக்கினால் கடைசியில் இடுப்பில் ஒரு பட்டைதான் மிஞ்சும். ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு தடவை சுலபமாகப் போன பிறகே அடுத்ததுக்கு நகருங்கள்.

மலம் வரும்போது "முக்கு முக்கு" என்று சொல்லாதீர்கள். சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள், அல்லது காகிதச் சுருளை ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது வயிற்றுத் தசை மெதுவாக அழுத்தும், கீழே இறுக்கம் வராது.

ஃபிளஷ் சத்தம்

சிறிய மூடிய அறைக்குள் திடீரென்று இரைச்சல், கண்ணெதிரே எல்லாம் சுழன்று மறைகிறது. தானும் உள்ளே போய்விடுவோமோ என்று மூன்று வயதுக்குத் தோன்றுவது இயல்பு. தன் உடம்பிலிருந்து வந்ததைத் தன்னுடைய ஒரு பகுதியாகவே சில குழந்தைகள் நினைக்கும், அதை அனுப்பிவிடச் சம்மதிக்காது. குழந்தை உட்கார்ந்திருக்கும்போது ஒருபோதும் ஃபிளஷ் செய்யாதீர்கள். தொடக்க நாட்களில் குழந்தை வெளியே போனபிறகு செய்யுங்கள். பிறகு கதவுக்கு வெளியே நின்று கேட்கட்டும், பிறகு வாசலில், பிறகு மூடியை மூடிவிட்டு அதன் கையாலேயே. ஒரு துண்டுக் காகிதத்தைப் போட்டு அனுப்பிப் பார்ப்பதும் உதவும். ஃபிளஷ் கையில் வந்ததும் பயம் பெரும்பாலும் விளையாட்டாகிவிடும்.

பெண் குழந்தை, ஆண் குழந்தை

பெண் குழந்தை முழங்கால்களை ஒட்டிவைத்துச் சிறுநீர் கழித்தால், கொஞ்சம் சிறுநீர் பிறப்புறுப்புக்குள் தேங்கி, எழுந்து நடந்தபின் சொட்டும். ஒவ்வொரு முறையும் போய் வந்த பத்து நிமிடத்துக்குள் ஜட்டி ஈரமாகிறது என்றால் இதையே முதலில் சந்தேகியுங்கள். உடுப்பை முழங்காலுக்குக் கீழே கணுக்கால்வரை இறக்கி, காலை நன்றாக விரித்து, சற்று முன்னால் சாய்ந்து உட்காரச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். விரிக்க மறுத்தால் டாய்லெட்டில் திரும்பி, சுவரைப் பார்த்து உட்காரவைத்துப் பாருங்கள், கால் தானாக விரியும். கழுவுவதும் துடைப்பதும் எப்போதும் முன்னிருந்து பின்னோக்கி.

ஆண் குழந்தைக்கும் உட்கார்ந்தே தொடங்குங்கள். சிறுநீர் போகும்போது மலமும் வரலாம், நின்றுகொண்டிருந்தால் அடக்கிவிடும். உட்காரும்போது சற்றுப் பின்னே தள்ளி உட்கார்ந்து, உறுப்பைக் கையால் கீழ்நோக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். நின்று போவது உயரம் எட்டும்போது பார்த்துக்கொள்ளலாம். அப்போது சீட் மேலே நிற்காமல் தானாக விழுந்து நசுக்கும் ஆபத்து உண்டு, மெதுவாக இறங்கும் சீட்டாக இருந்தால் நல்லது.

குந்தி உட்காரும் டாய்லெட்டானால்

மலம் இறங்க இதைவிட நல்ல நிலை இல்லை, பாதமும் தரையிலேயே இருக்கிறது. சிக்கல் அகலத்தில். இரண்டு மிதிபடிகளுக்கு நடுவே உள்ள தூரம் சின்னக் கால்களுக்கு அதிகம், பள்ளத்தைப் பார்த்தாலும் பயம். முதலில் வெறும் தரையில் குந்தி உட்கார்ந்து எழும் விளையாட்டாகப் பழக்குங்கள், குதிகால் தரையில் படிய உட்கார வருகிறதா என்று பாருங்கள். டாய்லெட்டில் கீழுடுப்பை முழுவதும் கழற்றிவிடுங்கள். நீங்கள் எதிரே குனிந்து இரண்டு கையையும் கொடுங்கள். அகலம் மிக அதிகமென்றால் உயரம் எட்டும்வரை பாட்டி சேரையே வைத்திருப்பதில் குறையில்லை.

வெளியிலும் இரவிலும்

வெளியே போகும்போது மடித்துவைக்கும் சிறுவர் சீட், மாற்று உடுப்பு இரண்டு செட், ஒரு நீர்புகாத பை. ஸ்டூல் இல்லாத இடத்தில் குழந்தையின் பாதங்களை உங்கள் தொடையில் ஊன்றிக்கொள்ளச் சொல்லலாம். தானாக ஃபிளஷ் ஆகும் டாய்லெட்டில், உட்காரும் முன் சென்சார் மேல் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவிடுங்கள், எழுந்தபின் எடுத்துவிடலாம்.

இரவு தனிக் கதை. இரவில் நனையாமல் இருப்பது பழக்கத்தால் வருவதல்ல, உடம்பு முதிர்ந்து வருவது. ஐந்து வயதுவரை படுக்கை நனைவதைக் கோளாறாகவே கருத வேண்டியதில்லை. பகலில் டாய்லெட்டுக்கு மாறியதற்காக இரவு டயபரை அவசரமாக நிறுத்தாதீர்கள்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாக மலம் போவது, மலத்தில் ரத்தம், வயிறு உப்பி வலிப்பது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ அழுகையோ, காரணமில்லாத காய்ச்சல், நாள் முழுக்கச் சொட்டுச்சொட்டாக ஒழுகுவது, ஆண் குழந்தைக்குச் சிறுநீர்த் தாரை மெலிந்து வருவது. நான்கு வயதைக் கடந்தும் ஜட்டியில் மலம் படிந்துகொண்டே இருப்பது. ஆறு மாதத்துக்கு மேல் நனையாமல் இருந்த குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கினால் பழக்கத்தில் குறை தேடாமல் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதனுடன் தாகமும் அளவுக்கு மீறி, எடையும் குறைந்தால் அன்றே போங்கள், சர்க்கரை நோய்க்கான பரிசோதனை தள்ளிப்போடக் கூடாதது. மற்றவற்றுக்கு, எந்தெந்த நேரத்தில் சிறுநீர், மலம், எவ்வளவு கெட்டி என்று ஒரு வாரம் தாளில் குறித்து எடுத்துச் சென்றால் மருத்துவரின் வேலை பாதி குறையும்.